வெள்ளைப்பூண்டு: வீட்டுத் தோட்டத்தில் ஒரு விதையில்லாப் பயிரின் வரலாறு

வெள்ளைப்பூண்டு உலகின் மிகப் பழைய தோட்டப் பயிர்களுள் ஒன்றாகும். வெங்காயம் அடங்கிய 'அல்லியம்' பேரினத்தைச் சேர்ந்த இதன் தாவரவியல் பெயர் அல்லியம் சட்டைவம். வீட்டுத் தோட்டத்தில் வளரும் கத்தரி, வெண்டை, மிளகாய், அவரை ஆகியவை விதையால் பெருகுகின்றன. பயிரிடப்படும் பூண்டு பொதுவாக விதை கொடுப்பதில்லை. சமைக்கும் பல்லே நடும் பல்லாகவும் இருக்கிறது. ஆகவே ஒரு குடும்பம் விளைந்த பூண்டு முழுவதையும் சமைத்து உண்டுவிட்டால் அடுத்த பருவத்தில் நடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

நெல்லையும் அவரை விதையையும் சில ஆண்டுகள் சேமித்து வைக்கலாம். பூண்டு ஓராண்டுக்குள் முளைத்துவிடும் அல்லது உலர்ந்து சுருங்கிவிடும். எனவே ஆண்டுதோறும் நட்டால்தான் ஒரு பூண்டு வகை தொடர்ந்து இருக்கும். பல ஆயிரம் ஆண்டுகளாக இப்பயிர் மறையாமல் வந்திருக்கிறது என்றால், ஒவ்வோர் அறுவடையிலும் யாரோ ஒருவர் நல்ல பூண்டு சிலவற்றை உண்ணாமல் எடுத்து வைத்தார் என்பதே அதன் பொருள். பூண்டின் வரலாறு பெருமளவுக்கு அப்படி எடுத்து வைத்தவர்களின் வரலாறாகும்.

பெயர்

தமிழில் 'பூண்டு' என்ற சொல்லுக்குச் சிறு செடி என்ற பொதுப்பொருளும் உண்டு. 'புல் பூண்டு' என்ற வழக்கில் அப்பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. உணவுக்குரிய பூண்டைப் பிரித்துக் காட்டவே 'வெள்ளைப்பூண்டு' என்ற பெயர் வழங்குகிறது. 'உள்ளி', 'வெள்ளுள்ளி' என்பன மற்றப் பெயர்கள். யாழ்ப்பாணத்தில் உள்ளி என்றால் பூண்டையே குறிக்கும். மலையாளத்தில் வெளுத்துள்ளி, தெலுங்கில் வெல்லுல்லி, கன்னடத்தில் பெள்ளுள்ளி எனத் தென்னிந்திய மொழிகள் பலவற்றிலும் இச்சொல் உறவுடையதாக இருக்கிறது. வடமொழியில் இதற்கு 'லசுனம்' என்று பெயர்.

தாயகமும் விதை மறைந்த வரலாறும்

பூண்டின் தாயகம் நடு ஆசியா என்று தாவரவியலாளர்கள் கருதுகின்றனர். தியான் சான் மலைத்தொடரும் அதைச் சுற்றிய நாடுகளும் இப்பகுதியில் அடங்கும். அங்கே குளிர்காலம் கடுமையானது, கோடை வறண்டது. தன் உணவை மண்ணுக்கு அடியில் குமிழமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, வறட்சி முடியும்வரை உறங்கிக் கிடப்பது அந்நிலத்துக்கு ஏற்ற வாழ்க்கை முறையாகும். குளிர் தாக்கிய பின்னரே பூண்டு நன்றாகப் பல் பிரிவதற்கும் இந்தப் பிறப்பிடமே காரணம்.

பூண்டு வகைகள் சிலவற்றில் பூத்தண்டு நீண்டு வளரும். அதன் நுனியில் பூமொட்டுகளோடு சிறு குமிழ்களும் தோன்றும். இக்குமிழ்கள் பருத்து நெருக்குவதால் பூக்கள் விதை பிடிக்காமலே வாடிவிடுகின்றன. மனிதர்கள் பெரிய பூண்டுகளையே தேர்ந்து பல தலைமுறைகளாகப் பல்லால் நட்டு வந்ததால், விதை தரும் திறனைப் பயிர் படிப்படியாக இழந்தது என்பது பொதுவான விளக்கம். வேறு சில வகைகள் பூத்தண்டே விடுவதில்லை.

ஜப்பானிய ஆய்வாளர் எத்தோ, சோவியத் நடு ஆசியாவில் திரட்டிய பூண்டுகளுள் சில வளமான விதை தரக்கூடியவை என்று 1986 இல் அறிவித்தார். தாயகத்தில் இத்திறன் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதை இது காட்டியது. ஆயினும் உலகெங்கும் தோட்டங்களில் நடப்படும் பூண்டு பெரும்பாலும் பல்லிலிருந்தே வருகிறது. விதையில் தாய் தந்தை இருவரின் பண்புகளும் கலக்கும். பல்லில் அந்தக் கலப்பு இல்லை. நட்ட செடியின் மறுபடியாகவே புதிய செடி வளர்கிறது. அவ்வகையில் இன்று ஒரு தொட்டியில் முளைக்கும் பூண்டு, எப்போதோ நடப்பட்ட ஒரு பழைய செடியின் தொடர்ச்சியே ஆகும்.

எகிப்தும் மெசொப்பொத்தேமியாவும்

சுமார் கி.மு. 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோனியச் சமையல் குறிப்புகள், தற்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள களிமண் பலகைகளில் காணப்படுகின்றன. இறைச்சிக் குழம்புகளில் பூண்டும் வெங்காய வகைகளும் சேர்ந்தே இடப்பட்டதை அவை காட்டுகின்றன.

எகிப்தில் கி.மு. 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துட்டன்காமனின் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் 1922 இல் கண்டுபிடித்தார். அரசனுடன் வைக்கப்பட்ட பொருள்களில் உலர்ந்த பூண்டும் இருந்தது. கி.மு. 5 ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு, பிரமிடு கட்டிய தொழிலாளர்களின் முள்ளங்கி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்காக 1,600 தாலந்து வெள்ளி செலவானதாக ஒரு கல்வெட்டு கூறுவதாக எழுதினார். பிரமிடு கட்டி 2,000 ஆண்டுகள் கழித்துக் கேட்டு எழுதிய செய்தி இது. ஆகவே தொகையை அப்படியே ஏற்க முடியாது. எகிப்தில் பூண்டு அரசனின் கல்லறையிலும் உழைப்பாளியின் உணவிலும் இடம்பெற்ற பொருளாகக் கருதப்பட்டது என்பதை மட்டும் இதிலிருந்து அறியலாம்.

உரோமைத் தோட்டக்கலை நூல்கள்

பூண்டை நடும் முறையை விரிவாகச் சொல்லும் பழைய நூல்களில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லாவின் வேளாண் நூல் குறிப்பிடத்தக்கது. பூண்டின் பெரிய வகை ஒன்றைப் பற்றி எழுதும்போது, பற்களைப் பிரித்து இலையுதிர் காலத்தில் நடுமாறு அவர் கூறுகிறார். மழைக்கால ஈரம் பற்களைக் கெடுக்காமல் இருக்க, மண்ணை மேடாக அணைத்து மேட்டின் மீது நட வேண்டும் என்கிறார். அடிக்கடி மண்ணைக் கொத்திவிட வேண்டும் என்றும், தண்டு விடுவதற்கு முன் தாள்களை முறுக்கித் தரையோடு மிதித்துவிட்டால் பற்கள் பருக்கும் என்றும் குறிப்பிடுகிறார். மேட்டுப்பாத்தியில் நடும் பழக்கம் இன்றும் மாறவில்லை.

அதே நூற்றாண்டைச் சேர்ந்த பிளினி, சந்திரன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போது நட்டால் பூண்டில் நாற்றம் இராது என்ற நம்பிக்கையைப் பதிவு செய்தார். உண்மையில் அந்த மணம் பூண்டின் உடலமைப்பிலேயே இருக்கிறது. அல்லின் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேசு என்ற நொதியும் பல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பல் நசுங்கினால் இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. காரமான மணத்துக்கு இதுவே காரணம். அல்லிசினை 1944 இல் கவாலிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்தனர். முழுப் பல்லில் மணம் குறைவாகவும் நசுக்கியதில் மிகுதியாகவும் இருப்பது இதனால்தான்.

ஐரோப்பிய மடாலயத் தோட்டம்

ஏறத்தாழ கி.பி. 800 இல் சார்லமேன் காலத்தில் அரச பண்ணைகளுக்காக வெளியிடப்பட்ட ஆணை ஒன்று, தோட்டங்களில் கட்டாயம் வளர்க்க வேண்டிய செடிகளைப் பட்டியலிட்டது. அதில் பூண்டும் உண்டு.

சுமார் கி.பி. 820 இல் தோலில் வரையப்பட்ட ஒரு மடாலய வரைபடம் சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் தோட்டக்காரரின் வீட்டை ஒட்டி ஒரு காய்கறித் தோட்டம் வரையப்பட்டிருக்கிறது. மொத்தம் 18 பாத்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு பயிரின் பெயர். வெங்காயம், கொத்தமல்லி, முள்ளங்கி, முட்டைக்கோசு ஆகியவற்றோடு பூண்டுக்கும் ஒரு தனிப் பாத்தி ஒதுக்கப்பட்டுள்ளது. வயலுக்குப் போகாமல் சமையற்கட்டுக்கு அருகில் நட்டுப் பறிக்கும் பயிராகவே பூண்டை அக்காலத்தவர் எண்ணினர் என்பதற்கு இந்த வரைபடம் நல்ல சான்று.

சீன வேளாண் நூலில் பூண்டு

சீனாவில் வட வெய் அரசின் அதிகாரியாக இருந்த ஜியா சிஷியே, கி.பி. 6 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'சீமின் யாவ்ஷூ' என்ற வேளாண் நூலை எழுதினார். பூண்டுக்கென்று அதில் தனி இயல் இருக்கிறது. களை இல்லையே என்று கொத்தாமல் விட்டுவிடக் கூடாது, கொத்தாவிட்டால் பூண்டு சிறுத்துவிடும் என்று அவர் எச்சரிக்கிறார். பூத்தண்டின் நுனியில் விளையும் சிறு குமிழ்களை நட்டால் முதலாண்டில் ஒற்றைப்பல் பூண்டு கிடைக்கும். அதை மறுபடி நட்டால் மறு ஆண்டில் கைமுட்டி அளவுள்ள பெரும்பூண்டு விளையும் என்றும் எழுதுகிறார்.

அந்நூலில் உள்ள இன்னொரு செய்தி பூண்டு வளர்ப்போர் எல்லோரும் அறிய வேண்டியது. பிங்சோ என்ற வட்டாரத்தில் பெரும்பூண்டு இல்லை. அங்குள்ளவர்கள் ஜாவ்கே என்ற ஊரிலிருந்து விதைப்பூண்டு வாங்கி வந்து நட்டார்கள். ஒரே ஆண்டில் அது 'நூறு பிள்ளைப் பூண்டு' ஆகிவிட்டது. பற்கள் பூத்தண்டின் சிறு குமிழ் அளவுக்குச் சிறுத்துவிட்டன. ஆனால் அதே பிங்சோவில் நட்ட கோசுக்கிழங்கு கிண்ணம் அளவு பெருத்தது. இதற்கு நிலத்தின் வேறுபாடே காரணம் என்று ஜியா முடிவு செய்தார்.

பூண்டு பல் பிரிவதைக் குளிரும் பகல் பொழுதின் நீளமும் தீர்மானிக்கின்றன என்பது இன்று தெரிந்த உண்மை. ஒரே மரபணு கொண்ட பூண்டு வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு அளவும் நிறமும் பெறுகிறது. விதைப்பூண்டு மட்டும் போதாது, அது பழகிய நிலமும் வேண்டும் என்பதை 1,400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கவனித்து எழுதியிருக்கிறார்.

இந்தியாவில் விலக்கும் விருப்பமும்

பண்டைய இந்தியாவில் பூண்டு ஒருபுறம் விலக்கப்பட்டது. மறுபுறம் மருந்தாகப் போற்றப்பட்டது. மனுநூல் இருபிறப்பாளர்க்கு விலக்கிய உணவுகளில் பூண்டும் ஒன்று. 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி பாகியான், சண்டாளர் தவிர மற்றவர்கள் வெங்காயமும் பூண்டும் உண்பதில்லை என்று எழுதினார்.

பௌத்த விநய நூலில் பிக்குணிகளுக்குப் பூண்டு விலக்கப்பட்டதற்கு ஒரு காரணக்கதை இருக்கிறது. சாவத்தி நகரில் இல்லறத்தார் ஒருவர் பிக்குணிகளுக்குப் பூண்டு வழங்க முன்வந்தார். ஆளுக்கு இரண்டு மூன்று கட்டுகள் கொடுக்குமாறு தோட்டக் காவலரிடமும் சொல்லி வைத்தார். வீட்டில் இருந்தது தீர்ந்துவிட்டதால் பிக்குணிகள் தோட்டத்துக்கே சென்றார்கள். துல்லநந்தா என்ற பிக்குணி அளவில்லாமல் பூண்டை எடுத்துச் செல்லச் செய்தார். காவலர் குறைப்பட்டுக்கொண்டார். அப்போது புத்தர், பொன் இறகுள்ள அன்னத்தின் இறகுகளை ஒரே நேரத்தில் பிடுங்கி எல்லாவற்றையும் இழந்தவளின் கதையைச் சொன்னதாக அந்நூல் கூறுகிறது. அடுத்த நடவுக்குரியதும் தோட்டத்திலிருந்துதான் வர வேண்டும் என்ற நிலையில் உள்ள ஒரு பயிரை ஒட்டி இக்கதை பிறந்தது பொருத்தமே.

மருத்துவ மரபு பூண்டை வேறு விதமாகப் பார்த்தது. 1890 இல் ஆமில்டன் பவர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, தியான் சான் மலைக்குத் தெற்கே உள்ள குச்சா நகரில் பூர்ச்ச மரப்பட்டையில் எழுதிய சமற்கிருதச் சுவடி ஒன்றை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் பழமையான இச்சுவடியை உருடால்ப் எர்ன்லே படித்துப் பதிப்பித்தார். 'பவர் சுவடி' என்று அழைக்கப்படும் இது இப்போது ஆக்சுபோர்டின் பொட்லியன் நூலகத்தில் உள்ளது. இதன் முதற்பகுதி பூண்டின் பிறப்பையும் மருத்துவப் பயனையும் கூறுகிறது. அமுதத்தை அருந்திய அசுரனின் தலையைத் திருமால் கொய்தபோது நிலத்தில் சிந்திய துளிகளே பூண்டாயின என்பது அது சொல்லும் தொன்மம். அசுரன் உடலிலிருந்து வந்ததால் அந்தணர் உண்ணலாகாது என்றும் அது சொல்கிறது. ஆயினும் அவர்களுக்கும் ஒரு வழி காட்டுகிறது. மூன்று இரவுகள் புல் குறைத்து வைத்த பசுவுக்குப் பூண்டுத் தாளைப் புல்லோடு கலந்து கொடுத்து, அதன் பாலை அருந்தலாம். குளிர்காலத்தில் வீட்டு வாசல்களில் பூண்டு மாலைகளைத் தொங்கவிட்டுக் கொண்டாடும் விழாவைப் பற்றியும் சுவடி பேசுகிறது.

பூண்டின் தாயகப் பகுதியிலேயே, பூண்டைப் பற்றித் தொடங்கும் ஓர் இந்திய மருத்துவச் சுவடி கிடைத்தது வரலாற்றின் சுவையான தற்செயல் ஆகும்.

தமிழ்நாட்டின் மலைப்பூண்டு

தமிழ்க் குடும்பங்களிலும் இந்த இரு நிலைகளும் உண்டு. கோயில் படையலில் பூண்டு சேர்ப்பதில்லை. சில வீடுகளில் சமையலிலும் சேர்ப்பதில்லை. பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் உணவிலோ பூண்டுக்கு முதலிடம்.

தமிழ்நாட்டில் பூண்டு பெரும்பாலும் மலைப் பயிராகும். நீலகிரியிலும், திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் மலையிலும் இது விளைகிறது. சமவெளியின் வெப்பத்தில் பல் சரியாகப் பிரியாமல் தாள் மட்டும் செழித்து நின்றுவிடுவது உண்டு. கொடைக்கானல் பகுதியில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, வில்பட்டி முதலிய ஊர்களில் படிக்கட்டு வயல்களில் பூண்டு நடப்படுகிறது. தேனி மாவட்டம் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி இதன் பெயர்பெற்ற சந்தை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'ஊட்டி 1' என்ற வகையை மலைப்பகுதிக்காக வெளியிட்டுள்ளது.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வேறு ஊர்ப் பூண்டை இப்பெயரில் விற்பதை இதனால் தடுக்க முடியும். ஆனால் குறியீடு காப்பது பெயரை மட்டுமே. மலைப்பூண்டு என்ற பயிர், உழவர்கள் தங்கள் விளைச்சலிலிருந்து விதைப்பூண்டு எடுத்து வைக்கும் காலம் வரைதான் இருக்கும். ஓர் எக்டர் நடவுக்கு ஏறத்தாழ 500 கிலோ பூண்டு தேவைப்படுகிறது. விலை உச்சத்தில் இருக்கும்போது அவ்வளவு பூண்டை விற்காமல் வைத்திருப்பது சிறு உழவருக்கு எளிதல்ல. வைக்காமல் விற்றுவிட்டால் அடுத்த நடவுக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டும். அத்தோடு அந்த நிலத்தில் பழகிய வகையின் தொடர்ச்சி அறுந்துபோகும்.

வீட்டுத் தோட்டத்தில் நடவு

பழைய நூல்கள் சொல்லும் முறைக்கும் இன்றைய முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் சூன்–சூலையிலும் அக்டோபர்–நவம்பரிலும் நடுகிறார்கள். சமவெளி வீட்டுத் தோட்டத்தில் குளிர்ச்சி தொடங்கும் அக்டோபர்–நவம்பரே ஏற்றது.

முழுப்பூண்டை நடும் நாளில்தான் பற்களாகப் பிரிக்க வேண்டும். வெளிச்சுற்றில் உள்ள பெரிய பற்களைத் தேர்ந்து, தோல் உரிக்காமல், கூர்நுனி மேலே இருக்கும்படி நட வேண்டும். பல்லின் மேல் 2 முதல் 3 சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் இடைவெளி தேவை. தொழு உரம் இட்ட, நீர் தேங்காத மேட்டுப்பாத்தி நல்லது. தொட்டியில் நடுவதானால் அடியில் நீர் வடியும் துளை இருக்க வேண்டும். வேர் ஆழமாகப் போகாததால் களையைக் கையால் எடுத்து மேல்மண்ணை மெதுவாகக் கொத்திவிட வேண்டும்.

நான்கு மாதத்துக்குப் பின் தாள்கள் மஞ்சளாகிச் சாயத் தொடங்கும். அப்போது நீர் விடுவதை நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்துப் பறிக்கலாம். பறித்த பூண்டைத் தாளோடு நிழலில் உலர்த்தி, கட்டாகக் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும்.

கடையில் வாங்கிய பூண்டை நடுவதில் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது, அது எந்தத் தட்பவெப்பத்தில் விளைந்தது என்று தெரியாது. பிங்சோவில் நடந்தது வீட்டுத் தொட்டியிலும் நடக்கலாம். இரண்டாவது, நோய். பல்லால் பெருகும் பயிர் என்பதால் தாய்ச்செடியைத் தாக்கிய நச்சுயிரிகள் அடுத்த தலைமுறைக்கும் செல்கின்றன. வெள்ளை அழுகல் என்ற பூஞ்சை நோய் மண்ணில் புகுந்தால் 20 ஆண்டுகள் கூட உயிரோடு இருக்கும். எனவே அருகிலுள்ள உழவரிடமோ வேளாண் பண்ணையிலோ நலமான விதைப்பூண்டு பெறுவதே நல்லது.

பாதுகாப்பு

நெல், கோதுமை முதலியவற்றை விதை வங்கிகளில் குளிரூட்டிப் பல்லாண்டு வைக்கலாம். பூண்டை அப்படி வைக்க முடிவதில்லை. மரபு வளக் காப்பகங்கள் ஒவ்வொரு வகையையும் ஆண்டுதோறும் நிலத்தில் நட்டுப் பாதுகாக்கின்றன. ஜெர்மனியின் காட்டர்சுலேபன் காப்பகத்தைப் போன்ற சில இடங்களில் பூண்டின் வளர்நுனியைச் சிறு துண்டாக வெட்டி, –196 பாகை செல்சியசில் திரவ நைட்ரசனில் வைக்கிறார்கள். இதற்குத் தேர்ந்த ஆய்வகமும் பெரும் செலவும் வேண்டும்.

வீட்டுத் தோட்டக்காரருக்கு அவ்வளவு தேவையில்லை. பத்துப் பல் கொண்ட ஒரு பூண்டை நட்டால் பத்துப் பூண்டு கிடைக்கும். அவற்றுள் ஒன்றை எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் அதே அளவு நடலாம். எடுத்து வைப்பது பத்தில் மிகப் பெரியதாகவும் நோயற்றதாகவும் இருக்க வேண்டும். சிறியவை சமையலுக்குப் போகும். நல்லதை உண்ணாமல் விடுவது எளிதல்ல என்றாலும், துட்டன்காமன் காலத்துத் தோட்டக்காரர் முதல் பூம்பாறை உழவர் வரை ஒவ்வொருவரும் செய்தது அதைத்தான்.